இடது தோள்

வாங்க விடாமல் தடுக்கத்தான் நான் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "உண்ணாமலைதான் மகளுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தாள், பில்கூட அவள் பேரில்தான் இருக்கிறது" என்று ஊரில் யாராவது உங்களிடம் சொன்னால், அது உண்மைதான். ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் மனசில் இருந்தது வேறு.

அடி அண்ணாமலை கோயிலுக்கு எதிரே எனக்கு ஒரு அர்ச்சனைக் கடை. தேங்காய், கற்பூரம், வெற்றிலை, உதிரிப்பூ, குங்குமம், அம்மன் கயிறு. பதினெட்டு வருஷமாக அதே இடம், அதே மேசை. பௌர்ணமி வந்தால் மூச்சுவிட நேரமிருக்காது, மற்ற நாளில் ஈ ஓட்டுவேன். என் வீட்டுக்காரர் வல்லரசு கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே வேன் ஓட்டுகிறார். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அவர் அதிர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. வீட்டில் அதிர்ந்து பேசுகிற வேலையை மொத்தமாக நானே எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரே மகள், தென்றல். பதினாறு வயசு, பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் வீட்டுக்குள் நடந்தால் ஒரு டம்ளராவது கீழே விழும். சாம்பார் ஊற்றினால் பாதி தட்டில், பாதி தரையில். கையெழுத்தோ கோழி கிளறின மாதிரி. பூ கட்ட உட்கார்ந்தால் நான் மூன்று முழம் கட்டி முடிப்பதற்குள் அவள் ஒரு முழம் கட்டுவாள், அதுவும் கோணலாக. "கொட்டறதுக்குன்னே பொறந்தவடி நீ" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவேன். அவள் பதில் பேச மாட்டாள். அதில் அப்படியே அப்பா.

அப்படிப்பட்டவள் பள்ளிக்கூடத்தில் துப்பாக்கி சுடும் அணியில் சேர்ந்தாள். விளையாட்டு டீச்சர் தேவிப்ரியா சேர்த்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு பழைய ஏர் ரைஃபிள், அதை வைத்துக்கொண்டு ஆறு பெண்கள். எட்டு மாசமாக வாரத்துக்கு மூன்று நாள் போனாள். வேறு எதிலும் இவ்வளவு ஆசையாக அவளை நான் பார்த்ததில்லை. ஒருநாள் துடைப்பத்தைத் தோளில் சார்த்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். நான் வந்ததைப் பார்த்ததும் சட்டென்று தோள் மாற்றிக்கொண்டாள். ஏன் மாற்றினாள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. "பெருக்கறதுக்கு எடுடி அதை" என்று மட்டும் சொன்னேன்.

போன ஆடி மாசம் அந்தப் பழைய துப்பாக்கியின் ஸ்பிரிங் உடைந்துவிட்டது. வேலூரில் தேர்வுப் போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. தேவிப்ரியா டீச்சர் கடைக்கே வந்து என்னிடம் பேசினார்.

"சொந்தமா ஒண்ணு இருந்தா இவளைக் கூட்டிட்டுப் போயிடுவேங்க. ஆனா ஒளிக்காம சொல்றேன், ஸ்கோர் ஏறவே மாட்டேங்குது. நல்லாத்தான் கத்துக்கறா, எங்கயோ ஒரு இடத்துல இடிக்குது. இந்தத் தடவையும் செலக்ட் ஆகலைன்னா இவ இடத்தை வேற பொண்ணுக்குத் தரச் சொல்லிட்டாங்க. அப்புறம் அவ்ளோதான்."

தென்றல் தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் சுருங்கிப்போயிருந்தது. அன்று வேனை நிறுத்திவிட்டு வந்த வல்லரசு, விஷயத்தைக் கேட்டதும், "வாங்கிடலாம்" என்றார். அவ்வளவுதான். வெண்டைக்காய் வாங்கிடலாம் என்பது மாதிரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொட்டப்புள்ள கையில துப்பாக்கியா? ஒரு டம்ளரை ஒழுங்காப் புடிக்கத் தெரியல, அதைப் புடிக்கப் போறாளா? படிப்பு என்னாவறது? நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் என்னா நெனப்பான்?"

"பயந்துக்கினு ஒழுங்கா இருப்பான்" என்றார் அவர்.

தென்றல் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. நானும் கூட வருவேன், எனக்குச் சரியென்று படாவிட்டால் கிடையாது என்று சொல்லிவிட்டேன். சரியென்று படப்போவதில்லை என்று அப்போதே முடிவு செய்து வைத்திருந்தேன்.

முதலில் வேலூரில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் மான் கொம்பு. கடைக்காரர் வல்லரசுவுக்கு மட்டும் கூல்டிரிங்க்ஸ் கொடுத்து, அவரிடம் மட்டுமே பேசினார்.

"பையனுக்குங்களா?"

"பொண்ணுக்கு."

"அப்போ இதைப் பாருங்க சார். வெயிட் கம்மி. இதுலயே ரோஸ் கலரும் இருக்கு."

லைசென்ஸ் வேண்டாம், பெரியவர்கள் யாராவது ஆதார் கொடுத்தால் போதும், ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும் என்றார். என் மகள் பக்கம் அவர் திரும்பியே பார்க்கவில்லை. அவள் அந்தத் துப்பாக்கியை வலது தோளில் வைத்து, இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றாள். தானியம் கொத்துவதற்கு முன்னால் கோழி ஒரு பார்வை பார்க்குமே, அப்படி.

"பழகப் பழகச் சரியாயிடும் சார்."

"என்னா சரியாவும்?" என்று நான் நடுவே புகுந்தேன். "கழுத்து சுளுக்கிக்கும். வயசுப் பொண்ணு கோழி மாதிரி நிக்கறா, நீங்க பாக்கக்கூட இல்ல. ஏங்க, எழுந்திருங்க, போலாம்."

வேனில் திரும்பி வரும்போது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஒரு கடை போச்சு, இனி இவர் அலைய மாட்டார் என்று நினைத்தேன். தென்றல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கண்ணமங்கலம் தாண்டியதும் மெதுவாக, "என் தலை அப்படித்தான் சாயுதுப்பா. நேரா வச்சா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்றாள். எனக்குச் சொல்லவில்லை, அப்பாவுக்குச் சொன்னாள். என்னிடம் சொன்னால் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வாரமே தேவிப்ரியா டீச்சர் இன்னொரு கடையைச் சொல்லி அனுப்பினார். நம்ம ஊரிலேயே, செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில். அந்த வழியாக நூறு தடவை போயிருக்கிறோம். பலகையில் 'பலராமன் ஸ்டோர்ஸ், மருந்து தெளிப்பான், மோட்டார் சாமான்' என்று பெரிதாகவும், 'துப்பாக்கி விற்பனை, பழுது' என்று கடைசியில் பொடியாகவும் எழுதியிருக்கும். மணிலாக் கொல்லைக்கு, அதாவது கடலைக் காட்டுக்கு, பன்றி வருகிறதென்று லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கிற விவசாயிகள் போகிற கடை என்று விட்டுவிட்டோம்.

பலராமன் இறந்து ஏழு வருஷம் ஆகிறதாம். இப்போது கடையை நடத்துவது அவர் மகள் எழில். முப்பது முப்பத்திரண்டு வயசிருக்கும். நாங்கள் போனபோது ஒரு விவசாயியோடு தெளிப்பான் வாஷருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அவளைக் கொஞ்சம் பிடித்துப்போனது.

அந்த விவசாயியை அனுப்பிவிட்டு எங்களிடம் வந்தாள். யாருக்கு என்று கேட்கவில்லை. தென்றலைப் பார்த்து நேராக, "உனக்குத் தானே? உக்காரு" என்றாள். வல்லரசு பர்ஸை எடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். "அதை உள்ள வைங்கண்ணா. முதல் தடவை வாங்கறவங்களுக்கு முதல் நாள் நான் விக்கறதில்ல. எங்கப்பா காலத்துலருந்து அப்படித்தான். ரெண்டு தடவையாச்சும் வரணும்."

"இது என்னா கடையோ, வந்த காசை வேணாங்குது" என்றேன்.

"அதனாலதான்க்கா இன்னும் மோட்டார் சாமான் வித்துக்கினு இருக்கேன்" என்று சிரித்தாள்.

அரைமணி நேரம் துப்பாக்கியைக் கையிலேயே கொடுக்கவில்லை. எத்தனை நாளாகச் சுடுகிறாய், எப்போது பிடித்தது, எப்போது வெறுத்தது, சுடும்போது எங்கே வலிக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். என் மகள் பேசினாள். நானே அசந்துபோகிற அளவுக்குப் பேசினாள். கழுத்தின் இடது பக்கம் வலிக்கும் என்றாள். இரண்டு கண்ணையும் திறந்து குறி பார்த்தால் புள்ளி இரண்டாகத் தெரியும் என்றாள். எட்டு மாசமாக இந்தப் பெண்ணுக்குக் கழுத்து வலித்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

"எழுந்து நில்லு. ரெண்டு கையையும் நீட்டு. விரலை இப்படிச் சேத்து நடுவுல ஒரு ஓட்டை மட்டும் விடு. ரெண்டு கண்ணையும் தொறந்துக்கினே அந்த ஓட்டை வழியா அதோ காலண்டர்ல தேதியைப் பாரு. பாத்துட்டியா? இப்போ இடது கண்ணை மூடு."

"தேதி போயிடுச்சுக்கா."

"இப்போ அதைத் தொறந்து வலது கண்ணை மூடு."

"தெரியுதுக்கா."

எழில் இன்னும் இரண்டு தடவை செய்யச் சொன்னாள். இரண்டு தடவையும் அதேதான். "உனக்கு இடது கண்ணுதான் பெரிய கண்ணு. அந்தக் கண்ணுதான் குறி பாக்கும். நீ அதை மூடிட்டு இன்னொண்ணைப் பாக்கச் சொல்றே. சரி, கை எது? எந்தக் கையில எழுதுவே?"

"வலது."

"சாப்பிடறது?"

"வலதுதான்க்கா."

எழில் அதற்கு மேல் கேட்கவில்லை. கல்லாப்பெட்டி மேல் வெள்ளிக்கிழமை பூஜை செய்த எலுமிச்சம்பழம் ஒன்று இருந்தது. அதை எடுத்து, "புடி!" என்று திடீரென்று வீசினாள்.

தென்றல் பிடித்தாள். இடது கையால், அலட்டிக்கொள்ளாமல். எதைக் கொடுத்தாலும் தவறவிடுகிற என் மகள், கண் இமைக்கிற நேரத்தில் அந்தப் பழத்தைக் காற்றிலிருந்து பறித்துவிட்டாள்.

பறித்த உடனே அதை வலது கைக்கு மாற்றினாள். மாற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். திருடும்போது மாட்டிக்கொண்ட பிள்ளை பார்க்கிற பார்வை. ஐயோ, அந்தப் பார்வையை நான் என்னவென்று சொல்வேன்!

அவளுக்கு ஐந்து வயசிருக்கும்போது எல்லாவற்றையும் இடது கையால்தான் செய்வாள். பென்சில், கரண்டி, பொம்மை எல்லாம். கடையில் என்னோடு உட்கார்ந்திருப்பாள். ஒரு பௌர்ணமியன்று காரில் வந்த ஒரு அம்மாவுக்கு என் மகள் குங்குமப் பொட்டலத்தை எடுத்து இடது கையால் நீட்டினாள். அந்த அம்மா பொட்டலத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு, "கோயில் கடையில பீச்சாங்கையால குடுக்குது, கத்துக்கூடக் குடுக்கலியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு மானம் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் பழைய புடவையைக் கிழித்து, அந்தப் பிள்ளையின் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டேன். சாப்பிடும்போது, எழுதும்போது, பள்ளிக்கூடம் போகும்போது, கடையில் இருக்கும்போது. இரண்டு நாள் அழுதாள். அப்புறம் அழவில்லை. இரண்டு மாசத்தில் வலது கைக்கு வந்துவிட்டாள். நான் அதைப் பெருமையாக எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? "ரெண்டே மாசத்துல மாத்திட்டேன்" என்று.

அதையெல்லாம் அந்தக் கடையிலேயே சொல்லிவிட்டேன். சொல்லும்போதே குரல் குறைந்துகொண்டே போனது.

"எல்லா வீட்லயும் பண்றதுதான்க்கா" என்றாள் எழில். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அப்போது வல்லரசு வாயைத் திறந்தார். "அப்போல்லாம் காலையில இவளை ஸ்கூல்ல விடறதுக்கு வேன்ல ஏத்துவேன் இல்ல? தெரு திரும்பினதும் அவுத்து விட்டுடுவேன். சாயங்காலம் வர்றப்போ, வீடு வர்றதுக்கு முன்னாடி இவளே கையை நீட்டுவா. கட்டிவிடுப்பா, அம்மா திட்டும்னு சொல்லுவா. நானும் கட்டிவிட்டுடுவேன்." கொஞ்சம் நிறுத்தி, "உன்கிட்ட சொல்லியிருக்கணும். தைரியம் வரல" என்றார்.

பதினோரு வருஷம். ஐந்து வயசுப் பிள்ளை தானாகக் கையை நீட்டிக் கட்டச் சொல்லியிருக்கிறது. எதையாவது திட்டித் தீர்த்துவிடலாம் என்று பார்த்தேன், திட்டுவதற்கு என்னைத் தவிர யாரும் அங்கே இல்லை. தேதி பார்த்த அந்தக் காலண்டர் எதிரேயே தொங்கியது. அர்த்தநாரீஸ்வரர் படம். பாதி சாமி, இடது பாதி அம்மன். உண்ணாமலை என்று அவள் பெயரையே வைத்துக்கொண்டு, அவளுக்கு இடப்பாகம் கிடைத்த ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு, என் மகளின் இடது பக்கத்தை நான் புடவைத் துணியால் கட்டிப் போட்டிருக்கிறேன். அது அன்றுவரை என் மண்டையில் உறைக்கவே இல்லை.

எழில் எங்களைக் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு காலத்தில் மணிலா மூட்டை அடுக்கிய கொட்டகை, நீளமாக இருந்தது. கடைசியில் ஒரு இரும்புப் பெட்டி, அதில் வட்டம் போட்ட அட்டை. ஒரு சாதாரணத் துப்பாக்கியை எடுத்து, குழாயை மடக்கிக் காட்டி, "காலி" என்று உரக்கச் சொன்னாள். "இங்க எடுக்கறவங்க, குடுக்கறவங்க, வாங்கறவங்க எல்லாரும் பாத்துட்டு வாய்விட்டுச் சொல்லணும். அண்ணா, நீங்களும் பாருங்க. அக்கா, நீங்களும்." நாங்கள் மூன்று பேரும் எட்டிப் பார்த்து, "காலி" என்று சொன்னோம்.

"தென்றல், இப்போ இடது தோள்ல வை."

என் மகள் கையை நீட்டவில்லை. "வேணாம்க்கா. எனக்கு வலதுலயே பழக்கம். இன்னும் நல்லாப் பழகிக்கறேன்" என்றாள். கண் மட்டும் என் பக்கம் வந்து வந்து போனது.

நான் கிட்டே போனேன். அவளுடைய இடது கையைப் பிடித்தேன். பூ கட்டிக் கட்டி என் விரலெல்லாம் காய்த்திருக்கும், அவள் கை மெத்தென்று இருந்தது. எந்த வேலைக்கும் விடாமல் வைத்திருந்த கை.

"எடுடி கண்ணு. இந்தக் கையிலேயே எடு. அம்மா தப்புப் பண்ணிட்டேன்."

"பரவாயில்லம்மா."

"பரவாயில்லன்னு சொல்லாதே. தப்பு தப்புதான். எடு."

எடுத்தாள். இடது தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தாள். கழுத்து சாயவில்லை. தலை நேராக நின்றது. வேலூரில் பார்த்த கோழியைக் காணோம். இரண்டு கண்ணையும் திறந்தபடியே நின்றாள். மூச்சை எப்படி விடுவது, விசையை எப்படி அமுக்குவது எல்லாம் எட்டு மாசத்தில் படித்ததுதான். முதல் குண்டு அட்டையிலேயே படவில்லை. இரண்டாவது ஓரத்தில் பட்டது. அந்தக் கைக்குத்தான் எதுவுமே பழக்கமில்லையே, குண்டு போடும்போதே இரண்டு தடவை கீழே விட்டாள். "மெதுவா, மெதுவா" என்று நான் சொன்னேன். அந்த வார்த்தையை அவளிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ஐந்தாவதும் ஆறாவதும் ஏழாவதும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன.

"ஒண்ணாத் தெரியுதுக்கா!" என்று கத்தினாள். "புள்ளி ஒண்ணே ஒண்ணாத் தெரியுது!"

வல்லரசு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொட்டகைக் கூரையைப் பார்த்தார்.

நான் அந்த நிமிஷமே சுருக்குப்பையைத் திறந்தேன். "இதையே குடுத்துடும்மா" என்றேன். எழில் மறுத்துவிட்டாள். "முதல் நாள் கிடையாதுன்னு சொன்னேன்லக்கா. இன்னிக்கு மனசு நெறஞ்சிருக்கு, எதைக் குடுத்தாலும் வாங்கிப்பீங்க. பத்து நாள் வந்து சுடட்டும். எது அவ கன்னத்துக்குச் சேருதோ அது. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். மூணு வாரத்துல தோள் மாத்திப் போட்டிக்குப் போறது லேசு இல்ல. இந்தத் தடவை கிடைக்காமலும் போலாம்."

"கிடைக்கலன்னா இடம் போயிடும்க்கா" என்றாள் தென்றல்.

"பழைய தோள்ல போனா?"

அவள் யோசித்தாள். "அப்பவும் போயிடும்."

"அப்போ எதுல நின்னு தோக்கறதுன்னு நீயே சொல்லு."

என் மகள் என்னைக் கேட்கவில்லை. "இதுல" என்று இடது தோளைத் தொட்டாள்.

பத்து நாளும் நானே கூட்டிக்கொண்டு போனேன். மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் கடையைச் சாத்தினேன். பக்கத்துக் கடை சந்திரம்மாள், "உடம்புக்கு முடியலையா உண்ணாமலை?" என்று கேட்டாள். "என் பொண்ணு துப்பாக்கி சுடப் போவுது" என்றேன். அவள் வாயை மூட ஒரு நிமிஷம் ஆனது.

அந்த நடுவில் பௌர்ணமி வந்தது. கூட்டம் நெரிந்தது. தென்றல் வலது கையில் சில்லறையை வைத்துக்கொண்டு, ஞாபகமில்லாமல் அர்ச்சனைத் தட்டை இடது கையால் ஒரு அம்மாவிடம் நீட்டிவிட்டாள். அந்த அம்மா கையைப் பின்னுக்கு இழுத்தாள். தென்றல் அவசரமாகத் தட்டை மாற்றப் பார்த்தாள்.

"மாத்தாதே" என்றேன். "அந்தக் கையிலேயே குடு."

"என்னங்க இது, கோயிலுக்குப் போற தட்டு" என்றாள் அந்த அம்மா.

"ஆமாங்க, அம்மனுக்குப் போற தட்டுதான். அந்த அம்மன் சிவனுக்கு எந்தப் பக்கம் இருக்காங்கன்னு உள்ள போய்ப் பாத்துட்டு வாங்க. இந்தக் கையால வாங்க இஷ்டமில்லன்னா பக்கத்துல சந்திரம்மாள் கடை இருக்கு, தேங்காய் நல்லாத்தான் இருக்கும்."

அந்த அம்மா சந்திரம்மாள் கடைக்கே போய்விட்டாள். சந்திரம்மாளுக்கு ஒரே சந்தோஷம். தென்றல் என் காதோரம் குனிந்து, "ஜாஸ்தியா பேசறம்மா" என்றாள். "நீ வேலையைப் பாருடி" என்றேன்.

பத்தாம் நாள் எழில் ஒரு துப்பாக்கியைச் சொன்னாள். ரொம்பக் கனமில்லை, கட்டை இரண்டு பக்கமும் கன்னம் வைக்கத் தோதாக இருந்தது. ரோஸ் கலர் இல்லை. பில் போடும்போது பெரியவர்கள் ஆதார் கேட்டாள். வல்லரசு சட்டைப்பையைத் தடவினார், வேனில் தேடினார், எங்கேயும் இல்லை. என் ஆதார் எப்போதும் என் சுருக்குப்பையில் இருக்கும். ஆக, துப்பாக்கி 'உண்ணாமலை, க/பெ வல்லரசு, அடி அண்ணாமலை' என்று என் பேரிலேயே வந்து சேர்ந்தது. தடுக்கப் போனவள் கதை இதுதான். எழில் கொடுக்கும்போது நான்தான் வாங்கினேன். குழாயை மடக்கிப் பார்த்து, "காலி" என்று சொல்லி, என் மகளின் இடது கையில் கொடுத்தேன்.

போட்டியின் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், அது பெரிய விஷயமில்லை. எட்டுப் பேரை எடுத்தார்கள், எட்டாவது பெயர் தென்றல். ஒன்பதாவது பெண்ணுக்கும் இவளுக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். தேவிப்ரியா டீச்சர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். இடம் பிழைத்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், அன்று காலையில் நடந்தது.

வேலூரில் போட்டி நடக்கிற அரங்கத்து வாசலில் நின்றோம். வல்லரசு வேனை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். முதல் நாளே அம்மன் சன்னதியில் வைத்து எடுத்த சிவப்புக் கயிறு ஒன்றை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தேன். அதை எடுத்ததும் தென்றல் இடது கையை என் முன்னால் நீட்டினாள்.

"கட்டிவிடும்மா."

அவள் ஒன்றும் நினைத்துக்கொண்டு சொல்லவில்லை. சாமிக் கயிறு ஆணுக்கு வலது கையில், பெண்ணுக்கு இடது கையில். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பதினெட்டு வருஷமாக என் கடைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் அப்படித்தான் நீட்டுகிறார்கள். எத்தனை ஆயிரம் இடது கைகளை மரியாதையாகப் பிடித்து நான் கட்டிவிட்டிருப்பேன்! என் மகளின் கை ஒன்றைத்தான் வேறு மாதிரி கட்டினேன். வேனுக்குள் அவள் அப்பாவிடம் இப்படித்தான் நீட்டியிருப்பாள். இதே கை, இன்னும் சின்னதாக.

எனக்கு முடிச்சே வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்து கயிறு எது, கை எது என்று தெரியவில்லை. எப்படியோ ஒரு முடிச்சைப் போட்டேன்.

"லூசா இருக்கும்மா. இறுக்கிக் கட்டு, அவுந்துடும்."

"அவுந்தா அவுரட்டும்டி" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கும் புரிந்தது. அந்தக் கையாலேயே என் கண்ணைத் துடைத்துவிட்டு, துப்பாக்கிப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.